சங்கிலியே போதும்

— டார்ச்சை என் மூஞ்சியில அடிக்காதே. போல்ட்டுல அடி.

— எது மூஞ்சி, எது போல்ட்டுன்னு தெரியலைங்க. ரெண்டும் ஒரே மாதிரி துருப்பிடிச்சுக் கிடக்கு.

— கிண்டலை அப்புறம் வச்சுக்கோ. அந்தப் பெரிய ஸ்பேனரை எடு.

— இந்தாங்க. தெரியாமத்தான் கேக்கறேன், நம்ம டிராக்டரே பொம்மை சைஸ். அதுக்குப் பின்னாடி ஒரு புல்வெட்டி. அதை இழுத்துப் பிடிச்சுக்க ரெண்டு பக்கமும் ரெண்டு சங்கிலி. வாங்கின நாள்லேருந்து நல்லாத்தானே இருக்கு? இப்ப என்ன திடீர்னு ராடு?

— உனக்குப் புரியாது. சங்கிலின்னா தளர்ந்து போகும். புல்வெட்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடும். இது அப்படியில்லை. குழாய்க்குள்ள குழாய். வேணுங்கற நீளத்துக்கு இழுத்து, ஓட்டையில பின்னைச் சொருகிட்டா அசையவே அசையாது. இடிச்ச புளி மாதிரி நிக்கும்.

— அதுக்கு வீட்டுல ஏற்கெனவே ஒரு ஆள் இருக்காரே.

— கட்டையை முட்டுக் கொடு. புல்வெட்டியைத் தாங்கற இரும்புக் கை கீழே இறங்குது பாரு.

— கொடுத்தாச்சு. சரி, ஆடினா என்னவாம்?

— டயர்ல உரசும்.

— எந்த டயர்ல? டார்ச் அடிச்சுப் பாக்கறேன். ஒரு கீறல்கூட இல்லையே.

— உள்பக்கம் பாரு.

— உள்பக்கம்தான் பாக்கறேன்.

— இனிமே உரசும். எதையும் முன்கூட்டியே யோசிச்சுச் செய்யணும்.

— அடேங்கப்பா! பல்வலியில பாதி முகம் வீங்கி, ஒரு கண்ணு மூடின பிறகு டாக்டர்கிட்ட போன மனுஷன், டயருக்கு முன்கூட்டியே யோசிக்கிறார். நான் ஒண்ணும் சொல்லலை.

— சொல்றதையெல்லாம் சொல்லிட்டு, ஒண்ணும் சொல்லலையாம்.

— இப்படி மொட்டையா முறுக்கினா வருமா? முதல்ல எண்ணெய் விடுங்க.

— காலையிலேயே விட்டாச்சு.

— காலையில நீங்க எங்கே இருந்தீங்க? டீசல் போடப் போறேன்னு வண்டியை எடுத்துட்டுப் போனீங்களே.

— போறதுக்கு முன்னாடி விட்டேன்.

— ஆமா, அந்த டீசல். போகும்போது முக்கால் டேங்க் இருந்தது. திரும்பி வரும்போது கால் டேங்க். டீசல் போடப் போய், இருந்ததையும் கொட்டிட்டு வர்ற ஒரே ஆள் நீங்கதான்.

— மீட்டர் கோளாறு.

— தலைமுடியில ஒட்டியிருந்த புல்லு? அதுவும் மீட்டர் கோளாறா? நம்ம தோட்டத்துல வெட்டறதுக்குப் புல்லே கிடையாது. போன வாரம்தான் மொட்டையடிச்சு வச்சீங்க.

— இந்தா பாரு, நீ டார்ச் பிடிக்க வந்தியா, விசாரணை பண்ண வந்தியா?

— ரெண்டுக்கும் ஒரே டார்ச் போதும்.

— அப்பாடா, கழண்டுடுச்சு. பிடி. ரெண்டு சங்கிலியையும் அந்த மூலையில போடு.

— அம்மாடி! தரையில போட்டதுக்கே காது கிழியுது.

— அதுக்குத்தானே மாத்தறேன்.

— எதுக்கு?

— எதுக்குன்னா… டயர்.

— டயர் இல்லை. சத்தம்னீங்க. இப்பதான் வாயிலேருந்து விழுந்தது.

— பேச்சுவாக்குல வந்தது. ராடை நீட்டு.

— இந்தாங்க. யாருக்குக் கேக்கக் கூடாதுன்னு இந்தப் பாடு?

— என்னடி, ஒரு மாதிரி பாக்கறே? சந்தேகப்படறியா?

— சேச்சே. புல்வெட்டியை மாட்டிக்கிட்டுச் சின்ன வீட்டுக்குப் போற அளவுக்கு உங்களுக்கு அசட்டுத்தனம் உண்டுதான். ஆனா உங்களைச் சேத்துக்க அங்கே ஒருத்தி இருக்கணுமே.

— நல்லவேளை.

— பின்னோட தலை டயர் பக்கம் வருதுங்க. டயர் உரசும்னு ராடு வாங்கி, இப்ப ராடே டயர்ல உரசப் போகுது. திருப்பிப் போடுங்க, இன்ஜினியர் சார்.

— தெரியும். திருப்பத்தான் போனேன்.

— நான் ஒண்ணும் சொல்லலை. சத்தத்துக்கு வாங்க.

— விட மாட்டியா? சரி, சொல்லித் தொலைக்கிறேன். அண்ணன் தோட்டத்துக்குப் போறேன்.

— எந்த அண்ணன்?

— எனக்கு எத்தனை அண்ணன்?

— பேச்சுவார்த்தையே கிடையாதுன்னீங்களே, அந்த அண்ணனா? ஒரு இரும்புக் கம்பி வளைஞ்சதுக்கு மூணு வருஷமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறீங்களே, அவரா?

— வளைச்சது அவன்! வண்டியை இரவல் வாங்கிட்டுப் போய், புல்வெட்டியை மேலே பிடிச்சுக்கிற டாப் லிங்க் கம்பியை வளைச்சு, ஒண்ணும் நடக்காத மாதிரி கொண்டுவந்து விட்டவன் அவன். கேட்டதுக்கு, உன் வண்டிப் புகைகூட என் வேலிக்குள்ள வரக் கூடாதுன்னவனும் அவன்தான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— அதை விடு.

— நீ செத்தாலும் எட்டிப் பாக்க மாட்டேன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்.

— அவன் சாகலையே. இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்துட்டான். தோட்டத்துல புல் மார்பளவுக்கு நிக்குது. அத்தனையும் காய்ஞ்சு போய்க் கிடக்கு. எவனாவது ஒரு சிகரெட்டை அணைக்காம போட்டான்னா மரம், வீடு எல்லாம் கரி. உள்ளே எழுந்திருக்க முடியாத மனுஷன். கூலிக்கு வந்தவனையெல்லாம் படுத்த இடத்துலேருந்தே திட்டி விரட்டிட்டான். நினைச்சா எனக்குத் தூக்கம் வரலை. அதான் பின்பக்கமாப் போய்க் கொஞ்சம் கொஞ்சமா வெட்டிட்டு வர்றேன்.

— டிராக்டர் ஓடுற சத்தம் அவருக்குக் கேக்காதா?

— கேக்கும். ஆனா பக்கத்துத் தோட்டத்துக்காரன்கிட்டயும் இதே வண்டிதான். இன்ஜின் சத்தத்தை வச்சு யாருன்னு சொல்ல முடியாது. சங்கிலி இப்படி அடிச்சுக்கிற வண்டி இந்தச் சுற்றுவட்டாரத்துல என்னுது ஒண்ணுதான். அவனுக்கோ பாம்புச் செவி. நான்தான்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷம் கேட்டைப் பூட்டச் சொல்லிடுவான். புல் இன்னும் பாதிக்கு மேல பாக்கி.

— அப்படியா சங்கதி! அண்ணன் மேல பாசம் பொங்குது.

— பாசமாவது மண்ணாவது. அங்கே தீப்பிடிச்சா நம்ம பக்கம்தான் வரும்.

— நடுவுல ஒரு ஓடை இருக்கேங்க. தீ நீச்சலடிச்சு வருமா?

— …ஒரு பக்கம் முடிஞ்சது. வா, பாரு. புல்வெட்டி ரெண்டு டயருக்கும் நட்டநடுவுல நிக்குதா? காலால உதைச்சுப் பாரு, அசையுதா? சத்தம் வருதா?

— வரலை. அழகாத்தான் இருக்கு.

— இன்னொரு பின்னைக் கொடு.

— கொடுக்க மாட்டேன்.

— விளையாடாதே.

— விளையாடலை. மாட்டினதைக் கழட்டுங்க. பழைய சங்கிலியையே போடுங்க.

— உனக்குப் பைத்தியமா? பார்சலைப் பிரிச்சதிலேருந்தே பாக்கறேன், இந்த ராடைக் கண்டாலே உனக்கு ஆகலை. கடைக்காரன்கிட்டயே திருப்பி அனுப்புங்கன்னு குதிச்சே. ராடு உன்னை என்ன பண்ணுச்சு?

— சொன்னா கத்தக் கூடாது.

— கத்தலை, சொல்லு.

— உங்க அண்ணிகூட நான் தினமும் போன்ல பேசறேன்.

— என்னது! அந்த வீட்டோட ஒட்டு உறவே கிடையாதுன்னு நான் சொல்லி…

— சண்டை போட்டது நீங்க ரெண்டு பேரும். எங்களை யாரு கேட்டா? கம்பி எங்களுதா?

— எத்தனை நாளா இந்தக் கூத்து?

— சண்டை போட்ட அன்னைக்கு ராத்திரியிலேருந்து. அண்ணன் தம்பியில யாரு பெரிய முட்டாள்னு பேச ஆரம்பிச்சோம். இன்னும் முடிவு தெரியலை.

— அப்போ நான் அங்கே போறதும் உனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதானா இவ்வளவு நேரம் வாயைக் கிளறினே?

— உங்க வாயால கேக்கணும்னு ஆசை. அந்த மீட்டர் கோளாறு ரொம்ப நல்லா இருந்தது.

— அவனுக்கு? அவனுக்கும் தெரியுமா? உண்மையைச் சொல்லு. தெரிஞ்சுமா கேட்டைப் பூட்டாம இருக்கான்?

— முதல் நாளே தெரியும்.

— என்ன சொன்னான்?

— டாக்டர் நடக்கச் சொன்னாரு, நடக்கலை. உங்க அண்ணி அழுதே பாத்தாங்க, படுக்கையை விட்டு அசையலை. இனிமே இந்த மனுஷன் எழுந்திருக்கப் போறதில்லைன்னு எல்லாருமே நம்பிக்கையை விட்டுட்டாங்க. உங்க சங்கிலிச் சத்தம் கேட்டா மட்டும், வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, பின்பக்க ஜன்னல் வரைக்கும் நடந்து வந்து நின்னு உங்களைத் திட்டறாராம்.