துரைக்குக் குணமாகிவிட்டது

நாய் இருக்கிற வீட்டில் மிதியடியை வாரம் ஒருமுறையாவது துவைத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வீடே நாறும். அன்றைக்கு எங்கள் வாசல் மிதியடி ஏன் மொட்டைமாடியில் கிடந்தது என்று நீங்கள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் அதுதான். அது பொய்யும் இல்லை. ஆனால் எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லாதவன் நான். பேப்பரையும் பேனாவையும் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறீர்கள். ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன்.

என் தொழில் தரைக்கு டைல்ஸ் பதிப்பது. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். தரை பதித்து முடித்ததும் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி வாட்டம் பார்ப்போம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் வீட்டுக் கூடத்துக்கு முகம் பார்க்கிற மாதிரிப் பளபளக்கிற டைல்ஸ்தான் வேண்டும் என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். வழுக்கும் என்றேன். கேட்கவில்லை. பதித்தேன். அந்தத் தரை செருப்பு அலமாரிப் பக்கமாக ஒரு நூல் வாட்டம். அது எனக்கு மட்டும் தெரிந்த குறை.

நாயைக் கொண்டுவந்தவனும் நான்தான். வேலை நடந்த ஒரு கட்டடத்தில் மணல் குவியலுக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தது. சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தேன். பதினைந்து நாள் பஞ்சில் நனைத்துப் பால் கொடுத்தேன். அதற்கு டைகர் என்று பெயர் வைத்தேன். நான்கு மாதம் கழித்து என் மாமனார் எங்களோடு வந்து தங்கினார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு தனியாக இருந்தவர் படியில் விழுந்து, இடது இடுப்பு எலும்பை மாற்ற வேண்டியதாகிவிட்டது. ஊன்றுகோலோடு வந்தார். வந்த அன்றே நாயைப் பார்த்து, பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால்தான் சாப்பிடுகிறான், பெரிய துரை இவன் என்றார். அன்றோடு டைகர் என்ற பெயர் போயிற்று. நான் டைகர் என்று கத்தினால் காதைக்கூட ஆட்டாது. அவர் துரை என்று முணுமுணுத்தால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவரும்.

துரைக்கு ஒரு கோளாறு இருந்தது. சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டுவிடும். காஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்தால் நாலு சொட்டு. மருந்துக்கடை வேலை முடிந்து என் மனைவி வந்தால் ஒரு கை அளவு. மாமனார் சாயங்காலம் பூங்காவில் நடந்துவிட்டு ஐந்தேகாலுக்கு வருவார். அவருக்கென்றால் குடத்தைக் கவிழ்த்த மாதிரி. வாலை ஆட்டி, உடம்பை வளைத்து, முனகி, தானே அதில் வழுக்கி விழுந்து எழுந்து மறுபடி விடும். துடைப்பது என் வேலை. வினிகர் கலந்த தண்ணீரில் ஒருமுறை, வெறும் தண்ணீரில் ஒருமுறை, கடைசியில் காய்ந்த துணி.

நான் வேலையிலிருந்து வந்தால் வாலை இரண்டு தடவை ஆட்டும். மேலதிகாரிக்கு வைக்கிற வணக்கம் மாதிரி. தரை காய்ந்தே இருக்கும்.

ஒருநாள் சாப்பிடும்போது என் மனைவிதான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"உங்களைப் பார்த்தா மட்டும் அதுக்கு முட்டவே மாட்டேங்குது, கவனிச்சீங்களா?"

"மாப்பிள்ளை மேல அவ்வளவு மரியாதைம்மா அவனுக்கு," என்றார் மாமனார். சொல்லிவிட்டுப் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அதற்காக நான் உடனே எதுவும் செய்துவிடவில்லை. முறைப்படி கால்நடை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

"இது அடமும் இல்லை, நோயும் இல்லை. சந்தோஷம் தாங்க முடியலை, அவ்வளவுதான்," என்றார் அவர். "திட்டவே திட்டாதீங்க, அதிகமாயிடும். வெளியில இருந்து வர்றவங்க ஒரு அஞ்சு நிமிஷம் அதைப் பார்க்கவே கூடாது, பேசக் கூடாது. அது தானா அடங்கின பிறகு கீழ உட்கார்ந்து மெதுவா கூப்பிடுங்க. கொஞ்ச நாள்ல சரியாப் போயிடும்."

நான் வீட்டுக்கு வந்து ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன். பார்க்கக் கூடாது. பேசக் கூடாது. தொடக் கூடாது. பதினைந்து நிமிடம். டாக்டரம்மா சொன்னது ஐந்துதான். தரை காய்வதற்கும் சொன்ன நேரத்தைவிடக் கூடுதலாக விடுவதுதான் என் வழக்கம். அந்த வழக்கத்தில் எழுதியதுதான் என்று அப்போது நினைத்தேன்.

மாமனார் எதையும் மீறாத மனிதர். கதவைத் திறந்து வருவார். இடது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே ஒவ்வொரு செருப்பாகக் கழற்றுவார். நாய் அவர் காலைச் சுற்றிச் சுற்றி முனகும். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். பத்தாவது நிமிடத்தில் உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஆச்சா மாப்பிள்ளை?"

"இன்னும் அஞ்சு நிமிஷம் மாமா."

"பொண்ணு வீட்டுக்குள்ள திருடன் மாதிரி வர வேண்டியிருக்கேப்பா." கோபமாகச் சொல்லமாட்டார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

இருபத்துநான்கு நாளில் துரை தரையை நனைப்பதை விட்டுவிட்டது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இனி அதன் ஆட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், எனக்கும் அவருக்கும் வித்தியாசம் இருக்காது என்று நம்பினேன். இருபத்தைந்தாம் நாள் பதினைந்து நிமிடம் ஆனதும் நாய் எழுந்தது. குதிக்கவில்லை, முனகவில்லை. நேராக அவர் அறைக்குள் போய், அறுவை செய்த அந்தக் காலின் மேல் தாடையை வைத்துப் படுத்து ஒரு பெருமூச்சு விட்டது. அவர் அதன் தலையில் கையை வைத்திருந்தார். இரண்டு பேரும் அப்படியே அரைமணி நேரம் இருந்தார்கள். மூத்திரம் என்றால் துடைத்துவிடலாம். இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வயிற்றெரிச்சல் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது வேலை நடந்த இடத்துக்கு டைல்ஸ் லோடு வந்துசேரவில்லை. மதியமே வீட்டுக்கு வந்துவிடுவேன். மனைவி கடையில் இருப்பாள். நாலு மணிக்கு மாமனார் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவார். அவர் முதல்நாள் போட்டுக் கழற்றிய சட்டை துவைக்கிற கூடையில் கிடக்கும். அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கு இரண்டு தோளிலும் கொஞ்சம் இறுக்கம். துடைப்பக்கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போய், படியில் டக் டக்கென்று அவர் ஊன்றுகோல் மாதிரி தட்டினேன். கதவைத் திறந்து, அவர் குரலில், துரை, என் ராசா, வந்துட்டேன்டா என்றேன்.

முதல் நாள் குழம்பிப்போய் நின்றது. இரண்டாம் நாள் இரண்டு சொட்டு. நாலாம் நாள் பழைய அளவு வந்துவிட்டது. நான் திட்டவில்லை. கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன், பிஸ்கட் கொடுத்தேன். துடைத்துவிட்டு மறுபடி வெளியே போய் மறுபடி வந்தேன். ஒன்பது நாள் இப்படிச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அது ஓடி எங்கே தேங்குகிறது என்று பார்த்துக்கொண்டேன். செருப்பு அலமாரியின் காலடியில், மாமனார் வலது காலை வைக்கிற இடத்தில். உண்மையைச் சொன்னால் அந்த ஒன்பது நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். எனக்காகவும் ஒரு உயிர் அப்படித் துள்ளும் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

மாமனார் வருவதற்குள் சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிடுவேன். அவர் வந்தால் அட்டையில் எழுதியபடி சுவரைப் பார்ப்பார். நாயும் அதற்குள் காலியாகிக் களைத்துப் படுத்திருக்கும். அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பத்தாம் நாள் பயிற்சி இல்லை. காலையிலேயே மிதியடியைத் துவைத்து மாடியில் போட்டேன். மதியம் நாய்க்கு இரண்டு கிண்ணம் தண்ணீர், பால் கலந்து வைத்தேன். அதற்குப் பிறகு அதை வெளியே விடவில்லை. மதியச் சாப்பாட்டின்போது கதவுக்குப் பின்னால் இருந்த அட்டையை மாமனார் எதிரிலேயே கிழித்தேன்.

"மாமா, துரைக்குக் குணமாயிடுச்சுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இனிமே நீங்க வந்ததும் தாராளமா கூப்பிடலாம். குனிஞ்சு ரெண்டு கையாலயும் கொஞ்சுங்க."

"நெஜமாவா மாப்பிள்ளை?"

"நான் எதுக்கு மாமா பொய் சொல்லப்போறேன்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. நடக்கப் போவதற்கு முன் முகச்சவரம் செய்துகொண்டார். பூங்காவுக்குப் போக யாராவது சவரம் செய்வார்களா? ஐந்தேகாலுக்கு வர வேண்டியவர் அன்று ஐந்து மணிக்கே வந்துவிட்டார். பாதி நடையிலேயே திரும்பியிருக்க வேண்டும்.

கதவைத் திறக்கும்போதே துரை என்று கூப்பிட்டார். நாய் பாய்ந்து வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே விட்டது. அவர் செருப்பை உதறிவிட்டார், ஊன்றுகோலை விட்டார், நிலையைப் பிடித்திருந்த இடது கையையும் விட்டார். இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தார். வலது கால் தேங்கிய இடத்தில் பட்டது. அவ்வளவுதான். அலமாரியின் விளிம்பில் தலை மோதிய சத்தம் ஒன்று, இடுப்பு தரையில் விழுந்த சத்தம் ஒன்று. நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். எட்டு அடி தூரம் இருக்கும்.

முதலில் தரையைத் துடைத்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வரும்போது வழுக்கி விழக் கூடாது என்று நினைத்தேன். வினிகர் தண்ணீர், வெறும் தண்ணீர், காய்ந்த துணி. அவர் கால் கிடந்த இடத்தில் கொஞ்சம் தூக்கித் துடைக்க வேண்டியிருந்தது. நாய் அவர் காதை நக்கிக்கொண்டிருந்தது. அவருக்கு நினைவு இருந்தது.

"திட்டாதீங்க மாப்பிள்ளை," என்றார். "பாவம், அவனுக்குத் தாங்கலை."

துடைத்து முடித்துப் போன் செய்தபோது ஐந்து இருபது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். கால் தடுமாறிவிட்டது, நாய்மேல் தப்பில்லை, மாப்பிள்ளைதான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். பிறகு துக்கம் விசாரிக்க வந்த டாக்டரம்மாவிடம் என் மனைவி அழுதுகொண்டே, குணமாகிவிட்டதென்று நீங்கள் ஏன் அவசரப்பட்டுச் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் திருதிருவென்று விழித்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மிதியடி ஞாபகம் வந்தது. அவள் புகார் கொடுக்க உங்களிடம் வந்தது சரிதான். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

மாமனாரை விழவைத்தது நான். தெரிந்தே செய்தேன். கால்தான் உடையும், இளைய மகள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வார் என்று நினைத்ததாக முதலில் எழுத இருந்தேன். ஆனால் இன்னொரு தடவை விழுந்தால் பிழைக்கமாட்டார் என்று அவருக்கு இடுப்பு அறுவை செய்த எலும்பு டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான். அதனால் அப்படி எழுதவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். நாயைத் தன் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோகப் போவதாக மனைவி சொல்கிறாள். அது நியாயமில்லை என்று அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதை வளர்த்தவன் நான். அவர் போன இந்தப் பதினோரு நாளில் அது தரையில் ஒரு சொட்டுகூட விடவில்லை. அவள் வந்தாலும் விடவில்லை, தங்கை வந்தாலும் விடவில்லை. இப்போதுதான் அதற்கு யார் தன்னுடையவர் என்று தெரிந்திருக்கிறது. வேலைக்குப் போகாமல் முழுநேரமும் நான் அதோடுதான் இருக்கிறேன். சாப்பாடு வைத்தால் தொடுவதில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. நாலரை மணிக்கெல்லாம் போய்க் கதவைப் பார்த்தபடி படுத்துவிடுகிறது. இருட்டும்வரை கண்ணைக் கதவிலிருந்து எடுப்பதில்லை. என்னைத்தான் எதிர்பார்க்கிறது. நான் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறேன் என்பது அதற்கு இன்னும் புரியவில்லை.