படிக்கட்டில் தினமும் செத்தவன்

எங்க தொழில்ல மொதல் எதிரி முழங்கால்தான் சார். வாய் எவ்வளவு பேசினாலும் வலிக்காது, கால்தான் காட்டிக் குடுத்துடும். அதனால உக்கார வெச்சுக் கேக்குறீங்களே, அதுக்கு மொதல்ல நன்றி. நிக்கச் சொன்னாலும் சொல்லியிருப்பேன். எனக்கு நின்னு பேசித்தான் பழக்கம்.

நான் கைடு. இந்த ஊர்ல கைடுங்க நிறைய பேர் இருக்காங்க. கோட்டையைக் காட்டுவாங்க, துறைமுகத்தைக் காட்டுவாங்க. நான் காட்டுறது ஒரே ஒரு படத்தை. பறக்குற நாகம், கடலுக்கடியில அரண்மனை, தம்பி மாதிரி வளர்ந்தவனே ராஜாவுக்குத் துரோகம் பண்றது, அந்தப் படத்தைத்தான் சொல்றேன். முக்கால்வாசி நம்ம தெருக்கள்லதான் எடுத்தாங்க. நீங்க பார்க்கலைன்னா உங்க வீட்டுப் பசங்களைக் கேளுங்க, வசனத்தோட ஒப்பிப்பாங்க.

கூட்டம் சேர்க்குற வேலை என்கிட்ட கிடையாது. ஒரு நேரத்துக்கு ஒரு குடும்பம். வந்ததும் ஆளுக்கு ஒரு அங்கி, என் பொண்டாட்டி தைச்சது. போட்டு விட்டதும் எப்பேர்ப்பட்ட ஆளும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பாங்க. அப்புறம் நான் கூட்டிட்டுப் போவேன். நாகத்தோட குகைங்கிறது நகராட்சித் தண்ணித் தொட்டிக்கு அடியில இருக்குற நிலவறை. ராணியோட படுக்கையறை இப்ப ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் நல்ல மனுஷன், நாங்க போனா மெஷினை நிறுத்திட்டு ஒதுங்கி நிப்பார். படத்துல வர்ற அந்தக் காட்சியைப் பெரிசா அச்சடிச்சுக் கையில வெச்சிருப்பேன். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, படத்துல இருக்குற சுவரோட விளிம்பையும் நிஜச் சுவரோட விளிம்பையும் சேர்த்துப் பிடிப்பேன். ரெண்டும் பொருந்துற நேரத்துல பின்னாடி நிக்கிறவங்க வாயிலிருந்து "அட"ன்னு ஒரு சத்தம் வரும். நான் சோறு திங்கிறதே அந்த "அட"வுக்குத்தான் சார்.

கடைசியா பழைய சுங்க அலுவலகப் படிக்கட்டு. அங்கதான் படத்துல ராஜா துரோகியைக் குத்திக் கொல்வார். அந்தக் காட்சிக்காகவே எங்கெங்கிருந்தோ வருவாங்க. மொதல்ல அங்கேயும் வெறும் வாயாலதான் சொல்லிட்டு இருந்தேன். அப்பதான் மச்சினன் வந்தான். என் பொண்டாட்டியோட தம்பி.

அவன் வேலை பார்த்த தியேட்டரை மூடிட்டாங்க. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் மாமா"ன்னு பெட்டியோட வந்தான், போகவே இல்ல. அதைக் குறையா சொல்லல. எள்ளுன்னா எண்ணெயா நிப்பான். அம்மா போனதிலிருந்து அவனை வளர்த்ததே என் பொண்டாட்டிதான், அதனால அவன் சாப்பிட்டானான்னு பார்த்துட்டுத்தான் அவ சாப்பிடுவா. அவன்தான் ஒருநாள் சொன்னான், "மாமா, நீங்க ராஜா, நான் துரோகி. என்னைக் கொல்லுங்க, ஜனங்க பார்க்கட்டும்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.

எப்படிப் பண்ணுவோம்னு கேட்டீங்க இல்ல. கத்தி நிஜ இரும்பு, முனையை மழுக்கியிருப்போம். அவனோட சட்டைக்குள்ள நெஞ்சுல ஒரு தகரத் தட்டு, அதுமேல சிவப்புத் தண்ணி அடைச்ச பை. நான் குத்தினா கத்தி தட்டுல "டங்"குன்னு படும், பை உடையும். தட்டோட வார் முதுகுப் பக்கம் குறுக்கே போகும். அதை அவனால கட்டிக்க முடியாது, நான்தான் கட்டணும். கட்டி முடிச்சதும் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்க மாட்டான். "மாமா கட்டினா சரியாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டுப் போயிடுவான்.

இன்னொண்ணும் வெச்சிருந்தோம். அவன் கத்துற கத்துல நிஜமா அடிபட்டுச்சா, நடிப்பான்னு எனக்குத் தெரியாது இல்லையா. அதுக்கு ஒரு சொல் வேணும். படத்துல துரோகி "அம்மா"ன்னு சொல்லித்தான் சாவான், அதனால அம்மா ஆகாது. அவன் சொன்னான், "எனக்கு நிஜமா வலிச்சா நான் எங்கக்காவைத்தான் கூப்பிடுவேன். அக்கான்னு கத்தினா நிறுத்திடுங்க மாமா." சரின்னேன். ஒருதரம் கால் பிசகி அப்படிக் கத்தினான். அந்த நொடியே கத்தியைப் போட்டுட்டு அவனைத் தாங்கிப் பிடிச்சேன். இதையும் எழுதிக்கங்க.

சாவறதுல அவன் கெட்டிக்காரன் சார். யாரும் சொல்லிக் குடுக்கல. கத்தி பட்டதும் மொதல்ல ஆச்சரியப்படுவான், அப்புறம் வெக்கப்படுவான், அதுக்கப்புறம்தான் வலி வரும். படியில ஒவ்வொண்ணா சரிஞ்சு கீழே வந்து, கையை மல்லாத்திப் போட்டுக் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுக் கிடப்பான். பெரிய பெரிய மீசைக்காரங்க அழுது பார்த்திருக்கேன். டீக்கடையில அவன் பேரே துரோகின்னு ஆயிடுச்சு. "என்ன துரோகி, இன்னிக்கு செத்தாச்சா, இல்ல இனிமேதானா?" "இப்பதான் செத்துட்டு வர்றேன் அண்ணே, ஸ்ட்ராங்கா ஒண்ணு போடுங்க." கடையே சிரிக்கும். நானும் பக்கத்துலதான் நிப்பேன். கொன்னவனை யாரும் கேக்க மாட்டாங்க.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைன்னு நீங்க மனசுல நினைக்கிறது தெரியுது. நான் அப்படி நினைக்கல. வயித்தெரிச்சல் எனக்குப் பழக்கமில்ல. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு தெரிஞ்சவன் நான். நடந்ததை மட்டும் சொல்றேன்.

போன் வரும். "துரோகி இருக்காரா? இல்லன்னா வேற நாள் வர்றோம்"னு கேப்பாங்க. குகைக்குப் போனா "சீக்கிரம் படிக்கட்டுக்குப் போலாமா"ன்னு கேப்பாங்க. ஜெராக்ஸ் கடையில நான் படத்தை நீட்டிப் பிடிச்சா போனைப் பார்த்துட்டு நிப்பாங்க. "அட" நின்னு போச்சு சார். அது எப்ப நின்னதுன்னு யோசிச்சுப் பார்த்தேன், தெரியல.

ஒருநாள் நானே சொன்னேன், "மாப்ள, இன்னிக்கு நீ ராஜா, நான் சாவறேன்." அவன் யோசிக்கவே இல்ல, "தாராளமா மாமா"ன்னு கிரீடத்தை வாங்கி வெச்சுக்கிட்டான். நான் செத்தேன். ரெண்டு படி சரிஞ்சேன், முழங்கால் மாட்டிக்கிச்சு. அதுக்கு மேல சரிய முடியல, எழுந்திருக்கவும் முடியல. வந்திருந்த குடும்பத்துல ஒரு அம்மா, "ஐயையோ, பெரியவருக்கு என்னமோ ஆயிடுச்சு, தண்ணி குடுங்க"ன்னு ஓடி வந்து என் தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. படிக்கு மேல அங்கிகளை மடிச்சுக்கிட்டிருந்த என் பொண்டாட்டி, சிரிச்சு சிரிச்சு முடியாம உக்காந்துட்டா. அவன் சாவைத் தினமும் பார்க்குறவ, தினமும் கண்ணைத் துடைச்சுக்கிறவ. எனக்கு அவமானமா இருந்துச்சு. மறைக்கல.

அதுக்கப்புறம்தான் மூணு பேரும் உக்காந்து சாப்பிடும்போது அவன் ஆரம்பிச்சான். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. குகை, ஜெராக்ஸ் கடை எல்லாத்தையும் தூக்கிடலாம். நேரா படிக்கட்டு. பேச்சையும் கொஞ்சம் குறைச்சுக்கங்க. உங்க முழங்காலுக்கும் நல்லது."

என் பொண்டாட்டி என்னைப் பார்க்காமயே, "அவன் சொல்றது சரிதாங்க"ன்னா. அவன் தட்டுல இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தினா.

"பண்ணிடலாம் மாப்ள"ன்னேன். கோவப்படல.

மறுநாள் கத்தியைச் சாணை பிடிக்கக் குடுத்தேன். துரு ஏறியிருந்துச்சு, வெயில்ல மின்னவே இல்ல. பார்க்குறவங்களுக்கு ஒரு பளபளப்பு வேணும் இல்லையா. சாணைக்காரர் "முனையையும் தீட்டணுமா?"ன்னு கேட்டார். பண்றதைச் சரியாப் பண்ணுங்கன்னேன்.

அன்னிக்கு வந்தது ஒரு பல் டாக்டர், அவர் மனைவி, அவங்க பொண்ணு. பொண்ணு காலேஜ் படிக்குது, படத்தோட வசனம் பூரா மனப்பாடம். வந்ததுமே படிக்கட்டுதான். குகை எங்கன்னுகூட யாரும் கேக்கல.

சுங்க அலுவலகத்துக்குப் பின்னாடி ஒரு சின்ன அறை இருக்கு, துடைப்பமும் வாளியும் வெக்கிறது. அங்க வெச்சுத்தான் தட்டு கட்டுவேன். முந்தின நாள் அவன் தட்டு கழுத்துல குத்துதுன்னு சொல்லியிருந்தான். அதனால கொஞ்சம் இறக்கிக் கட்டினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். வயித்துக்கு வந்துடுச்சு. "இப்ப குத்தல மாமா, சௌகரியமா இருக்கு"ன்னான். முதுகுல தட்டிக் குடுத்து அனுப்பினேன்.

இரும்பு உள்ள போனா சத்தம் வராது சார். தட்டுல பட்டாத்தான் சத்தம். அன்னிக்குச் சத்தம் வரல. விலா எலும்புக்கு நடுவுல ஈர மணல்ல குச்சி இறங்கின மாதிரி இறங்குச்சு. அவன் ஆச்சரியப்பட்டான். வழக்கமா படுற ஆச்சரியம் மாதிரியே இருந்துச்சு, அதனால மேல இருந்து பார்த்தவங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்காது. கத்தியை ரெண்டு கையாலயும் பிடிச்சான். உள்ளங்கை கிழிஞ்சு விரல் வழியா வடிஞ்சுது. "மாமா, தட்டு"ன்னான். மெதுவாத்தான் சொன்னான், விருந்தாளிங்களுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு. அந்த நேரத்துலயும் தொழிலை மறக்கல, அதுக்கு அவனைப் பாராட்டணும்.

அப்புறம் "அக்கா"ன்னான்.

நீங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். கை தவறிப் பட்டுடுச்சா, அவன் கத்தினது உங்களுக்குப் புரியலையான்னு கேட்டீங்க. என்னைக் காப்பாத்தத்தான் அப்படிக் கேட்டீங்கன்னு தெரியும், பெரிய மனசு உங்களுக்கு. எனக்குக் கேட்டுச்சு சார். ஒருதரம் இல்ல. ரெண்டாவது தடவை மூக்குலயும் வாயிலயும் ரத்தம் வந்துட்டு இருந்ததால சொல் குழறிச்சு, ஆனா புரிஞ்சுது. ராஜா பேச வேண்டிய வசனம் பாக்கி இருந்துச்சு. பேசினேன். நிதானமா, ஒரு வார்த்தை விடாம. பேசி முடிச்சுட்டு அவன் வயித்துல காலை வெச்சு, தட்டு மேலதான் மிதிச்சேன், கத்தியை உருவினேன். திரும்ப நெஞ்சுல, கொஞ்சம் இடப்பக்கமா, பிடி முட்டுற வரைக்கும் இறக்கினேன். ரெண்டாவது குத்துதான் கொன்னுதுன்னு பிரேதத்தை அறுத்துப் பார்த்த உங்க டாக்டர் எழுதியிருக்கார் இல்ல, சரியாத்தான் எழுதியிருக்கார்.

அவன் சரிஞ்சான். அன்னிக்குப் படி படியா அழகா வரல. தலை ஒவ்வொரு படியிலயும் இடிச்சுக்கிட்டே போச்சு, தேங்கா உருள்ற மாதிரி. கீழே போய் ஒருக்களிச்சுக் கிடந்தான், ஒரு கை உடம்புக்கு அடியில மாட்டியிருந்துச்சு. பழக்கப்பட்டவங்க பார்த்தா அது அவனோட நல்ல சாவு இல்லன்னு சொல்லிடுவாங்க.

கைத்தட்டினாங்க சார். மூணே பேர்தான், ஆனா அந்த மாதிரிக் கைத்தட்டல் நான் கேட்டதில்ல. பொண்ணு போன்ல படம் பிடிச்சுக்கிட்டே அழுதுச்சு. பல் டாக்டர்தான் மொதல்ல நிறுத்தினார். தினமும் ரத்தம் பார்க்குறவர் இல்லையா.

மேலேருந்து என் பொண்டாட்டி ஓடி வந்தா, கையில மடிச்ச அங்கிகளோட. விருந்தாளிங்க ஒதுங்கி வழி விட்டாங்க, அவளும் ஆட்டத்துல சேர்த்தின்னு நினைச்சாங்க. "இது படத்துல இல்லையே அப்பா"ன்னு பொண்ணு கேட்டது எனக்குக் காதுல விழுந்துச்சு. அவ அங்கிகளை ஒவ்வொண்ணா அவன் நெஞ்சுல அமுக்கினா. ஒண்ணு நனைஞ்சதும் அடுத்தது. எல்லாம் அவளே தைச்சது. எல்லாம் நனைஞ்சதுக்கப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தா.

"ஏங்க, அவன் என்னைக் கூப்பிட்டானே. மேல நின்ன எனக்கே கேட்டுச்சே. உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு"ன்னேன். பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்லிப் பழக்கமில்ல.

அதுக்கப்புறம் அவ தம்பி தலையை மடியில வெச்சுக்கிட்டு, முகத்துல ஒட்டியிருந்த முடியை ஒதுக்கி விட்டுக்கிட்டே இருந்தா. நான் படி மேல நின்னு, நெஞ்சுல கை வெச்சுக் குனிஞ்சு வணங்கினேன். ஆட்டம் முடிஞ்சா ராஜா வணங்கணும்.

இதைத்தான் கொழுப்புன்னு உங்க சின்ன அதிகாரி சொன்னார். வருத்தமா இருந்துச்சு. நான் யார்மேலயும் கோவத்துல எதுவும் பண்ணல சார், வந்தவங்களுக்குக் குறை வைக்கக் கூடாதுன்னு பண்ணினேன். அவ்வளவையும் ஒத்துக்கிட்டேன், எங்க சொன்னாலும் கையெழுத்துப் போடுறேன். பல் டாக்டர் குடுத்த வாக்குமூலத்துல மட்டும் ஒரு தப்பு இருக்கு. கீழே விழுந்தவருக்காகத்தான் கைத்தட்டினோம்னு சொல்லியிருக்காராம். அது அப்படி இல்ல.

அந்தப் பொண்ணோட போன் உங்ககிட்டதானே இருக்கு. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அவன் உயிர் போறதுக்கு முன்னாடி தட்டினாங்களா, போனதுக்கப்புறம் தட்டினாங்களான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. போனதுக்கப்புறம்னா, அது எனக்குத்தானே சார்.