பக்கத்து இருக்கையின் விரல்

கார் விற்கிறவனுக்கு முதலில் வேண்டியது சுத்தமான கை. நேர்மையைச் சொல்லவில்லை. வண்டியின் தொடுதிரையில் விரல்தடம் விழுந்தால் வாங்க வந்தவர் முகம் சுளிப்பார், அதைச் சொல்கிறேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மெல்லிய துணி வைத்திருப்பேன். இப்போதும் இருக்கிறது. உங்கள் மேசைக் கண்ணாடியைப் பார்த்ததிலிருந்து கை பரபரக்கிறது மேடம். பரவாயில்லை, அது கிடக்கட்டும்.

என் மனைவி கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து உங்களிடம் பேசிவிட்டு வந்தாள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. தன் அக்காவைத் தானே கொன்றுவிட்டதாகவும், தன்னை உள்ளே வைக்கும்படியும் அவள் கெஞ்சியது என் காதில் விழுந்தது. நீங்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. அவள் சொன்னதில் ஒரு வரியும் நடக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு சொல்லைத் தவிர அவள் பொய் சொல்லவில்லை. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடும்போது ஓட்டுகிறவர் அதில் எழுத்துத் தட்டக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் தட்டலாம். யார் விரல் என்று திரைக்கு எப்படித் தெரியும் என்று எல்லோரும் கேட்பார்கள். இரண்டு சீட்டுக்குள்ளும் மெல்லிய கம்பி வலை இருக்கிறது. உட்காருகிறவரின் உடம்பு வழியாக, அவருக்கே தெரியாத அளவுக்கு, ஒரு சின்ன மின் சமிக்ஞை போகும். ஒவ்வொரு சீட்டுக்கும் அது வேறு. விரல் திரையை நெருங்கும்போதே எந்த சீட்டிலிருந்து வருகிற விரல் என்று அது பிடித்துவிடும். ஓட்டுநர் விரல் என்றால் பொத்தான்கள் மங்கிப்போகும். "ஏமாத்தவே முடியாது சார், பெத்த தாய் மாதிரி ஆளைக் கண்டுபிடிச்சிடும்" என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏமாற்றலாம். பக்கத்தில் இருப்பவரின் உடம்பைத் தொட்டுக்கொண்டே ஓட்டுநர் திரையைத் தொட்டால் இரண்டு சமிக்ஞைகளும் கலந்து வரும். அப்படி வந்தால் அது பயணி என்றே எடுத்துக்கொள்ளும். எங்கள் ஷோரூமில் இதை முதலில் கண்டுபிடித்தவன் நான். புதிதாகக் கல்யாணமான ஜோடி யாராவது வண்டியை ஓட்டிப் பார்க்க வந்தால், "மேடம் கையைப் பிடிச்சுக்கிட்டு இப்ப தொடுங்க சார்" என்பேன். திரையின் பூட்டு திறந்துகொள்ளும். இருவரும் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். பாதி விற்பனை அந்தச் சிரிப்பிலேயே முடிந்துவிடும்.

என் காரும் அதே மாடல்தான். வண்டி கிளம்பியதும் என் மனைவி தூங்கிவிடுவாள். அவள் கை, சீட்டுகளுக்கு நடுவில் இருக்கிற கைத்தாங்கியில் கிடக்கும். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, என் முழங்கையை அவள் கைமேல் சாய்த்துக்கொண்டு திரையைத் தட்டுவேன். "வண்டி ஓட்டும்போதுகூட இவருக்கு என்னைத் தொட்டுக்கிட்டே இருக்கணும்க்கா" என்று அவள் அக்காவிடம் பெருமையாகச் சொன்னதை ஒருமுறை கேட்டேன். நான் மறுக்கவில்லை. அதில் அன்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

அன்று மதியம் அக்காவின் புது வீட்டுக்கு ஜன்னல் துணி வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். பெற்றோர் போனபிறகு என் மனைவியைத் தூக்கி வளர்த்தவள் அக்காதான். பின்சீட்டில், துணிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, என்னோடு பேசுவதற்காக முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதனால் பெல்ட் போடவில்லை. என் மனைவி வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பாலத்து வழியா வேணாம். அங்க ரோட்டை வெட்டிப் போட்டிருக்காங்க."

"அதெல்லாம் எப்பவோ மூடிட்டாங்கக்கா."

"நேத்துதான் எங்க வீட்டுக்காரர் அங்க மாட்டிக்கிட்டு நின்னாரு."

"எனக்குத் தெரியாத ரோடாக்கா?"

அக்கா சிரித்தாள். கேலிச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிரித்தாள். நான் மேப்பில் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். வாயால் கேட்டாலே வண்டி பதில் சொல்லும். அக்கா சொன்னதுதான் சரி என்று அது சத்தமாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால் முழங்கையை மனைவியின் கைமேல் வைத்துக்கொண்டு, குனிந்து, பாலத்தின் பெயரைத் தட்டினேன்.

வெட்டிப் போட்ட இடத்துக்கு முன்னால் ஒரு மணல் லாரி நின்றுகொண்டிருந்தது. அக்கா "தம்பி" என்று மட்டும் சொன்னாள். கத்தக்கூட இல்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை அவளுக்கு மூச்சு இருந்தது.

உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த அதிகாரி ஆஸ்பத்திரி நடைவழியில் என்னிடம் வந்தார். "மோதுறப்ப திரையைத் தொட்டது பயணின்னு வண்டியில பதிவாகியிருக்கே. உங்க மனைவி மேப் பாத்துட்டிருந்தாங்களா?" என்று கேட்டார்.

"அவளை ஒண்ணும் கேக்காதீங்க சார். தாங்க மாட்டா," என்றேன்.

அவ்வளவுதான். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு என் தோளில் தட்டிக்கொடுத்துப் போனார்.

என் மனைவிக்குத் தலையில் அடி. அந்த மதியம் அவள் நினைவிலிருந்து சுத்தமாக அழிந்துபோயிருந்தது. "நான் தூங்கிட்டுதானே இருந்தேன்?" என்று கட்டிலில் படுத்தபடி கேட்டாள்.

"நடுவுல முழிச்சே. வழி தேடி என்கிட்ட காட்டுனே. நான் ஒரு நிமிஷம் திரும்பிட்டேன். தப்பு என்மேலதான்."

அந்தக் கடைசிப் பேச்சைச் சேர்த்ததால்தான் முழுதாக நம்பினாள் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்னால் அவள் வாய்த்துடுக்குக்காரி. இதில் உப்பு போட்டாயா என்று கேட்டால், உங்க நாக்கு என்ன லீவா என்பாள். பிறகு ஜன்னலைத் திறப்பதற்குக்கூட என் முகத்தைப் பார்த்தாள். போனைத் தொடுவதில்லை. லிஃப்ட் பொத்தானைக்கூட நான்தான் அழுத்த வேண்டும். அக்காவின் கணவர் வந்து வாசலிலேயே நின்று, "உன்னை வளத்தவளையே முழுங்கிட்டியே" என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி சித்தி என்று அவள் பின்னாலேயே சுற்றிய அக்கா மகள் அதோடு வரவில்லை. போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்று இவள் கிளம்பியபோது நான்தான் தடுத்தேன். "விடு. நான் இருக்கேன்ல," என்றேன். வீடு அமைதியாகிவிட்டது.

எனக்கு உறுத்தவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடுவேன். நான் இளைத்துப்போனதும் தன்னால்தான் என்று அவள் அழுதாள். ஒருநாள் சொல்லிவிடலாம் என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "என்னை மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். "எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்று வந்துவிட்டது. என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு நன்றாக இருந்தது. அதையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.

இன்று இங்கே வரப்போவதாக அவள் சொன்னபோதுகூட நான் பேசாமல்தான் கூட வந்தேன். உங்களிடம் அழுதுவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவள் உங்களிடம் சொன்னாளே, "அவர் வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு, நான்தான் கேக்காம தட்டிக்கிட்டே இருந்தேன்" என்று. அதை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை மேடம். நான் கட்டிய பொய்யில் எனக்கு அவ்வளவு நல்ல இடம் இல்லை. அவளாக யோசித்து, என்னைக் காப்பாற்ற ஒரு சொல் சேர்த்திருக்கிறாள். அதைக் கேட்டபிறகு பெஞ்சில் உட்கார முடியவில்லை.

தட்டியது என் விரல். அக்காவைக் கொன்றது நான். தூங்கிக்கொண்டிருந்தவளைக் கொலைகாரியாக்கி, அவள் அழுவதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவனும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவளிடம் இதை நீங்கள் சொல்லாதீர்கள். நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?