ஒன்பது மில்லிசெகண்ட்

உங்கள் அலுவலக வைஃபை ரொம்ப மந்தம், ஐயா. குறை சொல்லவில்லை, தொழில் புத்தி. எந்த ஊரில் கால் வைத்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். பத்து நிமிடம் விட்டீர்கள் என்றால் நானே சரிசெய்து கொடுத்துவிடுவேன்.

என் வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒருவர் போனில் ஒரு பக்கத்தைத் திறந்தால், அந்தக் கோரிக்கை கடல் தாண்டி மூல சர்வர் வரைக்கும் ஓடக் கூடாது. பக்கத்து ஊரிலேயே எங்கள் சர்வர் ஒன்று நகலோடு தயாராக நிற்கும், கேட்டதும் நீட்டிவிடும். ஒரு நொடியை ஆயிரமாக நறுக்கினால் அதில் ஒன்பது துண்டு, அவ்வளவு நேரம்தான் ஆகும். இப்படி முன்னூறு ஊர்கள். சுவரில் பெரிய வரைபடம். வேகமாக ஓடும் ஊர் பச்சை, திணறும் ஊர் சிவப்பு.

முன்னூறாவது ஊரைத் திறந்த அன்று மதியம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பலூன் கட்டியிருந்தோம். கேக் வெட்ட எங்கள் கம்பெனித் தலைவர் அம்மாவே வந்திருந்தார். வரைபடம் முழுக்கப் பச்சை. சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு லேசாகிறது, ஐயா.

அணையின் வெள்ள எச்சரிக்கைப் பக்கமும் எங்கள் பொறுப்புதான். நகலை நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லியிருந்தார்கள் அணைக்காரர்கள். அவர்களுடைய மூல சர்வரோ கிழடு, தொட்டாலே மூச்சு வாங்கும். அதனால் நான் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றி வைத்தேன். வருடம் முழுக்க 'மதகுகள் மூடியுள்ளன' என்றே சொல்லும் பக்கத்துக்கு என்ன அவசரம்?

கேக் வெட்டப் போகும் நேரத்தில் எங்கள் மூத்த இன்ஜினியர் கண்ணாடி அக்கா வந்து காதைக் கடித்தார்.

"மதகைத் திறந்துட்டாங்க சார். மூலப் பக்கம் மாறிடுச்சு. நம்ம நகல் இன்னும் மூடியிருக்குன்னே காட்டுது. உடனே அழிச்சிடுங்க."

அழிக்கும் அனுமதி எனக்கு மட்டும்தான் உண்டு. அழித்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் அந்தக் கிழட்டு சர்வர்மேல் விழுவார்கள். ஆற்றங்கரை ஊர்கள் மொத்தமும் சிவக்கும், அதுவும் தலைவர் அம்மாவின் கண்முன்னே.

"கேக் முடியட்டும் அக்கா," என்றேன்.

சற்று நேரத்தில் தங்கை கூப்பிட்டாள். அவள் வீடு ஆற்றங்கரையில்தான்.

"அண்ணா, தண்ணி விட்டுட்டாங்கன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. பேஜ்ல மூடியிருக்குன்னு வருது. எதை நம்பறது? பாப்பா வேற இப்பதான் தூங்குனா."

"பேஜை நம்பு. அது நம்மளோடது."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் தெருவுக்கே சொல்வாள். தெரு அணைக்குப் போன் போடும், அணை எங்களுக்குப் போடும். கேக்கில் அப்போதுதான் கத்தி இறங்கிக்கொண்டிருந்தது.

நாற்பது நிமிடம் கழித்து நானே நகலை அழித்தேன். பயந்த மாதிரி வரைபடம் சிவக்கவே இல்லை. பக்கத்தைத் திறக்க அந்தக் கரையில் யாரும் மிச்சமில்லை.

தெரிந்தேதான் செய்தேன், வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பதிவுகளையும் ஒருமுறை பாருங்கள். அன்று தங்கை அந்தப் பக்கத்தை நாற்பத்தொரு முறை திறந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒன்பது மில்லிசெகண்ட். ஒரு தடவைகூட அவளைக் காத்திருக்க விடவில்லை நான்.