ஒரே வள்ளத்தில் ஏறாதவர்கள்

"ஒரு கம்ப்யூட்டர் செத்துப்போச்சு மைனி. எனக்கு ஒரே சந்தோசம்."

புன்னைக்காயல் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த பெண், அலுவலக அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றியபடி அண்ணன் மனைவியிடம் சொன்னாள்.

"ஏளா, செத்ததுக்கா சந்தோசம்?"

"துறைமுகத்து கன்டெய்னர் விவரம் ஒண்ணுகூட அழியல. ஃபைலைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூணு கம்ப்யூட்டர்ல வச்சிருக்கோம். ஒண்ணு நின்னதும், அது வேலையை மத்ததுக பங்கு போட்டு முடிச்சிருச்சு. மூணும் ஒரே ரூம்ல மட்டும் இருக்கக் கூடாது."

"மீன்பிடிக்கப் போகையில ஒங்க அண்ணனும் தம்பியும் ஒரே வள்ளத்துல ஏறாத மாதிரியா?"

"ஆமா. அப்பாவும் சித்தப்பாவும் கடலுக்கு ஒண்ணாப் போய்த் திரும்பாததை நெனச்சுதான், ரெண்டாவது ரூம் வேணும்னு மேனேஜர்கிட்ட சண்டை போட்டேன்."

மைனி அட்டையை வாங்கி, திரும்பவும் அவள் கழுத்தில் மாட்டினாள்.

"கழட்டாத. ஊருக்குள்ள இதோடயே வா."