நான் தேர்ந்தெடுத்த வட்டு

மரம் செதுக்கும் வட்டு வாங்குவதென்றால் என்னைக் கேட்காமல் வாங்காதீர்கள் சார். எங்கள் பட்டறைப் பக்கம் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். கிட்டார் செய்வதில் நான் சுமார்தான். ஆனால் கிட்டார் செய்ய எதை வாங்கலாம் என்று கேட்டால் சாப்பாட்டை மறந்து பேசுவேன். நான் செய்த கிட்டார்களில் பாதி சுவரில் அழகாகத் தொங்குகின்றன. வாங்கியவர்களே அங்கே மாட்டிவிட்டார்கள்.

கை மெஷினில் மாட்டிச் சுழலவிடும் வட்டில் மூன்று தினுசு உண்டு. உப்புத்தாள் வட்டு மரத்தைத் தடவிக் கொடுக்கும். முள் வட்டு பொறுமையாகச் சுரண்டும். சங்கிலிப்பல் வட்டு கடித்துத் துப்பும். கனமானது, நிற்கவும் நேரம் பிடிக்கும். அதனால் மெஷினைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது பிரேக். அணைத்ததும் வட்டு நிற்கிறதா என்று பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை.

என் மனைவியின் தம்பி போன வருடம் பட்டறைக்கு வந்து சேர்ந்தான். கிட்டார் வாசிப்பவன், மரவேலை தெரியாதவன். நான் கழித்துப் போட்ட பலகையில் ஒரு கிட்டார் செய்து வீட்டில் வாசித்தான். என் மனைவி ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"என்னங்க, இது நீங்க செஞ்சதில்லதானே? அதான் பார்த்தேன்."

கல்யாணமான நாளிலிருந்து என் கிட்டாருக்காக அவள் அடுப்பை விட்டு நகர்ந்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. பிறகு வாடிக்கைக்காரர்களும் "தம்பி இல்லையா?" என்று என்னிடமே கேட்க ஆரம்பித்தார்கள். சொந்தப் பட்டறைக்கு வாட்ச்மேன் ஆன முதல் முதலாளி நானாகத்தான் இருப்பேன்.

ஒரு நாள் அவனே வந்து கேட்டான். "மாமா, கழுத்து செதுக்க எனக்குன்னு ஒரு மெஷின் வாங்கணும். எது நல்லது?"

கழுத்து என்றால் கிட்டாரில் இடது கை ஏறி இறங்குகிற பகுதி. அதைச் செதுக்கும்போது அவனுக்கு ஒரு பழக்கம். வலது கையில் மெஷினை அணைத்த நொடியே இடது கையால் கழுத்தை வருடிப் பார்ப்பான். வாசிப்பவனுக்குக் கண்ணைவிட உள்ளங்கையில்தான் நம்பிக்கை. என் மெஷினில் பழகியவன், அதில் பிரேக் உண்டு.

நான் யோசித்து, பிரேக் இல்லாத மெஷினைச் சொன்னேன். சங்கிலிப்பல் வட்டைச் சொன்னேன், வேலை சீக்கிரம் முடியும் என்று. அதுவும் உண்மைதான்.

"வட்டை மூடியிருக்கிற கார்டைக் கழட்டிடு மாப்ள. வளைவு கண்ணுக்குத் தெரிய வேணாமா?"

"சத்தம் ஜாஸ்தியா இருக்குமே மாமா?"

"காது மூடி நான் வாங்கித் தர்றேன். வாசிக்கிறவனுக்குக் காதுதானே சொத்து."

நல்ல காது மூடியாகத் தேடி வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டால் வட்டு இன்னும் சுற்றுவது கேட்காது.

அன்று நான் பக்கத்து அறையில் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தம் இறங்கியது. முழுக்க இறங்குவதற்குள் அவன் கத்தினான். ஓடிப்போய்த் துணி சுற்றியதும், தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் நான்தான். இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. என் மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள். "அவனுக்காக எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சீங்க," என்றாள்.

பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன்.

ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்து விசாரித்துவிட்டு விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். எனக்கு மனசே ஆறவில்லை சார். என் கிட்டார் எதிலாவது ஒரு கோணல் இருக்கும். கோணல் இல்லாமல் நான் செய்த ஒரே வேலை இது, அதையும் தற்செயல் என்றால் எப்படி? அதனால்தான் நானே வந்து சொல்கிறேன்.

அவன்மேல் எனக்கு இப்போது கோபமே இல்லை. நேற்றுகூடக் கைக்கட்டோடு சிரித்தான். "வாசிக்கத்தான் முடியாது மாமா, செய்யலாம்ல? வலது கை நல்லாத்தானே இருக்கு, இனி அதால தடவிப் பார்த்துக்கிறேன். இடது கையில பிடிக்கிற மாதிரி லேசா ஒரு மெஷின் பாருங்களேன்," என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கே வருகிற வழியில் கடைக்குப் போய் வாங்கியும் விட்டேன், வெளியே வண்டியில் இருக்கிறது. பிரேக் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க மறந்துவிட்டேன்.