அடையாற்று மரகதப்புறா

நீரஜா: பதினேழாவது படத்தைப் புத்தகத்துலேர்ந்து எடுக்க முடியாது சார். அட்டைக்கே அதைத்தான் வச்சிருக்கேன்.

அய்யாதுரை: மெட்ராஸ் பூரா திரிஞ்சு நாப்பது வருஷமா வரைஞ்சிருக்கேன். கொக்கு இருக்கு, உள்ளான் இருக்கு... ஒண்ணைத் தள்ளினா புத்தகம் கெட்டா போகும்?

நீரஜா: அந்த ஒண்ணாலதானே சார் உங்க பேரே வெளிய தெரிஞ்சது. மரகதப்புறா மலைக்காட்டுப் பறவை. தொள்ளாயிரத்து முப்பத்தாறுல அதை அடையாறு ஆலமரத் தோப்புல பார்த்து வரைஞ்சீங்க.

அய்யாதுரை: கால் நிறம் சரியா வரலை.

நீரஜா: நேத்து பச்சை மங்கிடுச்சுன்னீங்க.

அய்யாதுரை: அதுவும்தான்.

நீரஜா: சார்... என்ன விஷயம்?

அய்யாதுரை: அந்தக் கதவைச் சாத்தும்மா. என் வீட்டுக்காரிக்கே இது தெரியாது.

நீரஜா: சாத்தியாச்சு.

அய்யாதுரை: தோப்புல பார்க்கலை. மூர் மார்க்கெட்ல கூண்டுல இருந்துச்சு. வாங்கிட்டு வந்து கடை மாடியில வச்சு வரைஞ்சேன்.

நீரஜா: கூண்டுலயா சார்?

அய்யாதுரை: நான் ஜவுளிக்கடையில துணி கிழிச்சுப் போடறவன். இயற்கைச் சங்கத்துல என் படத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கலை. அபூர்வமா ஒண்ணு கொண்டுபோனேன்... உட்காரச் சொன்னாங்க.

நீரஜா: அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?

அய்யாதுரை: சொல்லத்தான் இருந்தேன். எழுபத்திரண்டுல சங்கத்துப் பத்திரிகையில ஒரு குறிப்பு வந்துச்சு. அதே தோப்புல மரகதப்புறா, ரெண்டாவது தடவைன்னு. கீழே கே.என்.னு மட்டும் போட்டிருந்துச்சு. படிச்சுட்டு... சிரிக்காதே. நிசமாவே வருதோன்னு தினம் காலையில பஸ் ஏறிப்போய் நின்னேன்.

நீரஜா: இந்த முடியாத காலோடயா?

அய்யாதுரை: இந்தக் கால் போனதே அங்கதான். வேர் தடுக்கி விழுந்தேன். வீட்ல பஸ்ல விழுந்ததாச் சொல்லி வச்சிருக்கேன்.

நீரஜா: ஐயோ... எத்தனை நாள் போனீங்க?

அய்யாதுரை: விழற வரைக்கும். அது போகட்டும். அந்தக் கே.என்.னை ஒரு தடவை பார்க்கணும். எந்த மரம், எத்தனை மணின்னு கேட்கணும். அவர் நிசமாப் பார்த்திருந்தா என் படமும் இருந்துட்டுப் போகட்டும். விசாரிச்சுச் சொல்றியா?

நீரஜா: வேணாம் சார். பதினேழை எடுத்துடலாம்.

அய்யாதுரை: இவ்வளவு நேரம் மாட்டேன்னே?

நீரஜா: காலேஜ்ல வேலை நிரந்தரமாகணும்னா ஏதாவது எழுதி அச்சாகணும்னாங்க... எங்கப்பா பேர் கோதண்டம் சார். கே. நீரஜா. உங்க படத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் அந்தக் குறிப்பை எழுதினேன்.